எஸ்எஸ்டி போட்டால் கேம் ஸ்மூத்தாக ஓடுமா? நாளைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போகிறேன், அவசரம்

பெரம்பூர்_பையன்
வணக்கம். கம்ப்யூட்டரில் ஜிடிஏ 5 கேம் விளையாடும்போது விட்டு விட்டு நிற்கிறது. எஸ்எஸ்டி போட்டால் சரியாகிவிடும் என்கிறான் நண்பன். அது ஹார்டு டிஸ்கைவிட வேகமான ஸ்டோரேஜாம். என்னிடம் இப்போது ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறது. எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்) ஏறுமா? எது வாங்கலாம்? இன்று ராத்திரிக்குள் சொல்லுங்கள் ப்ளீஸ்.

தரமணி_கேமர்
என்ன ப்ராசஸர், எவ்வளவு ராம், எந்த கிராபிக்ஸ் கார்டு? லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? "விட்டு விட்டு" என்றால் எப்போது? தொடங்கியதிலிருந்தேவா, கொஞ்ச நேரம் ஆடிய பிறகா?

அம்பத்தூர்வாசி
கேபினெட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் தம்பி? மே மாதச் சென்னையில் பாதிப் பிரச்சினை சூடுதான். ப்ராசஸர் 95 டிகிரியைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என் வீட்டில் ஃபேனுக்கு அடியில் தூசி கம்பளி மாதிரி அடைந்து கிடந்தது. அதை எடுத்துவிட்டு ப்ராசஸர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போட்டதும் சரியானது. காசு செலவழிக்கும் முன்னால் டெம்பரேச்சர் பாருங்கள்.

பிட்_பைட்
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ தடவை பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்க்கிற பழக்கமே யாருக்கும் இல்லை. எஃப்பிஎஸ் என்பது ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பார்க்கிற வேலை. எஸ்எஸ்டி வந்தால் லோடிங் சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். இந்த அடிப்படைகூடத் தெரியாமல் கடைக்குப் போனால் அவர்கள் தலையில் கட்டுவதை வாங்கிக்கொண்டுதான் வருவீர்கள்.

தரமணி_கேமர்
"அவ்வளவுதான்" என்று முடிக்க முடியாது சார். சராசரி எஃப்பிஎஸ் ஏறாது, சரி. ஆனால் ஜிடிஏ மாதிரி ஓப்பன் வேர்ல்டு கேம், நாம் வண்டி ஓட்ட ஓட்ட அடுத்த தெருவை டிஸ்கிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறது. 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று) ஹார்டு டிஸ்க் ஒரு சுற்று சுற்றவே 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். படிக்கிற ஹெட் நகர்கிற நேரம் தனி. அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை அது தேடி எடுப்பதற்குள் படம் நின்றுவிடும். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்டு குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி கேட்கிறது. சைபர்பங்க் 2077உம் அதே வருடம் 2.0 அப்டேட்டோடு ஹார்டு டிஸ்கைக் கைவிட்டுவிட்டது. லோடிங் திரைக்காக மட்டுமா இதைச் செய்தார்கள்?

பிட்_பைட்
கேட்டது ஜிடிஏ 5. அது ஹார்டு டிஸ்க் காலத்துக் கேம். ப்ராசஸர் என்னவென்று கேட்டவரே ப்ராசஸர் தெரியாமல் பாடம் எடுக்கிறார்.

பெரம்பூர்_பையன்
ஸாரி, வெளியே போயிருந்தேன். டெஸ்க்டாப். ரைசன் 5 5600ஜி, 8 ஜிபி ராம், தனி கார்டு கிடையாது. மதர்போர்டு பி450. 1 டிபி ஹார்டு டிஸ்க். சிட்டிக்குள் வண்டியை வேகமாக ஓட்டினால் ஒரு செகண்டு அப்படியே உறைந்து, அப்புறம் ஓடும். கட்டடம் எல்லாம் லேட்டாக வருகிறது. டெம்பரேச்சர் 70ஐத் தாண்டவில்லை.

குரோம்பேட்டை_அக்கா
8 ஜிபி ஒரே ஸ்டிக்கா? டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு ஆடுங்கள். உறையும் நொடியில் மெமரி எவ்வளவு, டிஸ்க் எத்தனை சதவீதம் என்று சொல்லுங்கள்.

பெரம்பூர்_பையன்
ஒரே ஸ்டிக்தான். டிஸ்க் 100, மெமரி 93.

குரோம்பேட்டை_அக்கா
அப்போது விஷயம் இரண்டு. உங்கள் கிராபிக்ஸுக்கென்று தனி மெமரி இல்லை, அந்த 8 ஜிபியிலிருந்துதான் அதுவும் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் போதாததால், ராமில் அடங்காததை விண்டோஸ் பேஜ் ஃபைல் என்று ஹார்டு டிஸ்கில் எழுதிப் படிக்கிறது. அதே நேரத்தில் கேமும் அதே டிஸ்கைக் கேட்கிறது. உறைவது அங்கேதான். எஸ்எஸ்டி போட்டால் உறைவது பெரும்பாலும் போய்விடும். எஃப்பிஎஸ் ஏற வேண்டுமென்றால் இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் போடுங்கள். இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து வேலை செய்யும் டூயல் சேனல் வந்துவிட்டால், இந்த ப்ராசஸரில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். விண்டோஸையும் எஸ்எஸ்டிக்கு மாற்ற வேண்டும், கேமை மட்டும் மாற்றினால் பேஜ் ஃபைல் பழைய இடத்திலேயே கிடக்கும்.

அம்பத்தூர்வாசி
70 என்றால் சூடு இல்லை, சரி. ஆனாலும் தூசியைத் தட்டிவிடுங்கள்.

சேலையூர்_செல்வம்
வாங்குவது வாங்குகிறீர்கள், ஜென் 4 (பிசிஐஇ 4.0) என்விஎம்இ எஸ்எஸ்டியாக வாங்கிவிடுங்கள். செகண்டுக்கு 7000 எம்பி வேகம்.

தரமணி_கேமர்
வேண்டாம். 5600ஜியும் பி450உம் பிசிஐஇ 3.0, அதாவது ஜென் 3தான். ஜென் 4 போட்டாலும் 3500 பக்கம்தான் ஓடும். கேமில் 550 எம்பி வேகமுள்ள பழைய வகை சாட்டா எஸ்எஸ்டிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மிச்சப் பணத்தில் ராம் வாங்கலாம்.

சேலையூர்_செல்வம்
நாளைக்கே போர்டு மாற்றினால்? ஆன்லைனில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான். ரிச்சி ஸ்ட்ரீட்டில்தான் அதிகம் சொல்வார்கள்.

அம்பத்தூர்வாசி
நாலு கடை ஏறி இறங்கினால் அங்கேயும் நல்ல விலை கிடைக்கும். கெட்டுப்போனால் நேரே கொண்டு போய் நிற்கலாம். ஆன்லைனில் யாரிடம் போய் நிற்பீர்கள்?

சேலையூர்_செல்வம்
நின்றவன்தான் சொல்கிறேன். ஒரு கடையில் பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றார்கள், வாங்கினேன். ஆறு மாதத்தில் போயிற்று, வாரண்டி கேட்டால் கையை விரித்துவிட்டார்கள்.

பிட்_பைட்
பில் இல்லாமல் வாங்கிவிட்டுத் தெருவையே குறை சொல்கிறார். பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும் என்பது எல்கேஜி பாடம்.

குரோம்பேட்டை_அக்கா
சண்டையை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தம்பி காலையில் கிளம்ப வேண்டும். எம்.2 (மதர்போர்டிலேயே செருகும் பட்டை வடிவ எஸ்எஸ்டி) வாங்கினால் ஸ்லாட்டில் சாய்வாகச் செருகியதும் மறு முனை தூக்கிக்கொண்டு நிற்கும். பயப்படாதீர்கள், அழுத்திப் பிடித்து ஸ்க்ரூ போட வேண்டும். கடுகளவு ஸ்க்ரூ அது, மதர்போர்டு டப்பாவில் இருக்கும். இல்லையென்றால் கடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடை மூடியிருக்கும், நாளைக்கு என்ன கிழமை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தரமணி_கேமர்
என்ன ஆயிற்று தம்பி? ஒரு வாரமாகச் சத்தமே இல்லை.

பெரம்பூர்_பையன்
500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி விண்டோஸ், கேம் இரண்டையும் அதில் போட்டேன். உறைவது நின்றுவிட்டது. எஃப்பிஎஸ் பழையபடிதான். ராம் அடுத்த மாதம். அக்காவுக்கு ரொம்ப நன்றி.

சேலையூர்_செல்வம்
ஜென் 3யா, ஜென் 4ஆ?