மறு: பச்சைப் பொத்தானுக்கு 'எடு' சரியா?

வணக்கம். கட்டற்ற மென்பொருளாக வரும் ஒரு தொலைபேசிச் செயலியைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கோப்பு போக வேண்டும். அழைப்பு வரும்போது தெரியும் பச்சைப் பொத்தானுக்கு 'எடு', சிவப்புக்கு 'நிராகரி' என்று வைத்திருக்கிறேன். 'பதிலளிக்கவும்' பாதியில் வெட்டுப்படுகிறது. பூட்டிய திரையில் 'அவசர அழைப்பு' இருக்கட்டுமா?
— திண்டுக்கல்

தம்பி, 'எடு' வேண்டாம். எங்கள் பக்கம் 'நேற்று உங்களுக்குக் கோல் எடுத்தனான்' என்றால் நான்தான் அழைத்தேன் என்று அர்த்தம். பச்சையைத் தொட்டால் யாருக்கோ கோல் போய்விடும் என்று ஆச்சி பயப்படுவா. அப்புறம், உதவிக் குறிப்பில் 108 மட்டும் போட்டுவிடாதேயுங்கோ. இங்கே அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119.
— யாழ்ப்பாணம்

அழைப்பு என்றாலே கல்யாணப் பத்திரிகைதான் நினைவுக்கு வருகிறது. 'விளி' இருக்கிறதே! தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயலே உண்டு. மலையாளிகள் இன்றும் விளிக்கிறார்கள். வருவிளி, செல்விளி: வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். 'உள்வரும் அழைப்பு' என்பதில் 'உள்' எதற்கு? அவசரமோ வடசொல். அங்கே அதற்குத் தக்க சமயம், வாய்ப்பு என்று பொருள். மலையாளத்தில் இன்றும் வாய்ப்புதான், தெலுங்கில் தேவை. நாமும் கன்னடக்காரர்களும்தான் அதைப் பதற்றமாக்கினோம். 'இடர்விளி' என்க.
— தஞ்சாவூர்

ஐயா, விளிதல் என்றால் சாவதும்தானே? 'விளிந்தாரின் வேறல்லர்', குறள் 143. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரின் போனில் 'இடர்விளி' என்று வந்தால் நன்றாகவா இருக்கும்? கடவுச்சொல் தெரியாத பக்கத்து ஆளும் அடிக்கட்டும் என்றுதான் அந்தப் பொத்தானைப் பூட்டுக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். அவர் அங்கே நின்று வினைத்தொகையைப் பிரிக்க மாட்டார். பேருந்தில் 'அவசர வழி' என்று படித்துப் பழகிய கண் அது.
— கோவை

சாவு வீட்டில் 'எப்போது எடுக்கிறார்கள்' என்றுதான் கேட்கிறோம். அதற்காக 'எடு'வைத் தள்ளினீர்களா? தள்ளியது யாழ்ப்பாணத்துக்காரர், வேறு காரணத்துக்காக.
— தஞ்சாவூர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 'தவறிய அழைப்பு' என்கிறார்களே, தவறு யாருடையது? எங்கள் ஊரில் வேண்டுமென்றே 'மிஸ்டு கால் கொடு' என்பார்கள். அதை எப்படிச் சொல்வது?
— திருநெல்வேலி

அதற்கு வேறு இழை தொடங்குங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நாளை வெள்ளி. பச்சைக்கு 'பேசு', இரண்டு எழுத்து, இரு கரைக்கும் புரியும். அதற்கு இணையாகச் சிவப்புக்கு 'மறு'. அவசர அழைப்பு அப்படியே. நான்கு பேர் சரி என்றார்கள், அனுப்புகிறேன்.
— திண்டுக்கல்

'மறு' என்றால் மீண்டும் என்றும் பொருள். இந்த மடலின் தலைப்பையே பாருங்கள். சிவப்பைத் தொட்டால் மறுபடி அழைக்கும் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். வருவிளியை நான் கைவிடவில்லை.
— தஞ்சாவூர்