பி.டி.சி. கசப்பு: சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுச் சொத்தா?

கேள்வி:
வகுப்பில் பி.டி.சி. (ஃபீனைல்தயோகார்பமைடு; சிலருக்கு மட்டும் கசக்கும் வேதிப்பொருள்) தடவிய தாளை நாக்கில் வைத்ததும் தோழி முகஞ்சுளித்துத் தண்ணீர் தேடி ஓடினாள். எனக்கோ வெறும் காகிதச் சுவைதான். 1939இல் ஃபிஷர், ஃபோர்டு, ஹக்ஸ்லி ஆகிய அறிவியலாளர்கள் சோதித்தபோது சிம்பன்சிகளிலும் இவ்விரு வகையினர் இருந்தனர் என்பதால், இவ்வேறுபாடு பொது மூதாதையிடமிருந்து வந்ததா?

மறுமொழி 1:
அவர்களும் அப்படித்தான் கருதினர். 2006இல் வெளியான ஆய்வு அதை மறுத்தது. பி.டி.சி. கசக்காத மனிதரில், அக்கசப்பை உணரும் ஏற்பிப் புரதத்தை (நாக்கில் சுவையை உணரும் புரதம்) உருவாக்கும் டாஸ்2ஆர்38 மரபணு மாறியிருப்பதால், அப்புரதத்தின் 49, 262, 296ஆம் இடங்களில் அமினோ அமிலங்கள் மாறியிருக்க, கசப்பை உணராத சிம்பன்சியிலோ அப்புரத உருவாக்கத்தைத் தொடங்கிவைக்கும் குறியீடே சிதைந்துள்ளது. ஆகவே இரண்டும் தனித்தனியே தோன்றியவை.

மறுமொழி 2:
ஒரு கூடுதல் குறிப்பு. பி.டி.சி. கசக்காதவருக்கு எல்லாக் கசப்பும் தெரியாது என்பதில்லை; மலேரியா மருந்தான குயினைன் அவருக்கும் கசக்கும். நமக்குக் கசப்பு ஏற்பிகள் ஏறத்தாழ 25 உண்டு.

கேட்டவர்:
உண்மைதான், பாகற்காய் என்னையும் விட்டுவைக்கவில்லை.