907 ஆட்டம் காத்திருந்த ஹெய்ன்சி: கோப்பை முதலில் அவர் கைக்குப் போனது சரியா?

நீலக்கோடு (ஸ்காபரோ):

போன கிழமை ஆட்டக்காரர் மாற்றம் (ட்ரேட்) பற்றின திரியில ஒராள், "ஹெய்ன்சி மாதிரி ரீம் ரீமாத் திரிஞ்ச டிஃபென்ஸ்மனைப் பற்றிக் கதைக்க என்ன கிடக்கு" எண்டு கேட்டிருந்தார். நிறையக் கிடக்கு. (புதுசா வாசிக்கிறவைக்கு: ஹெய்ன்சி NHL எண்ட வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கில ஆடினவர். டிஃபென்ஸ்மன் எண்டா பின்னால நிண்டு எதிராளி கோல் போடாமல் தடுக்கிறவர்.) அங்க எழுதினா அந்தத் திரி குழம்பிப் போகும், அதால இங்க தொடங்குறன்.

2017 ஜூன் 11ஆம் திகதி நாஷ்வில்லில பிற்ஸ்பேர்க் பெங்குவின்ஸ் லீக்கின்ர சம்பியனுக்குக் கிடைக்கிற ஸ்ரான்லி கோப்பையை வெண்டது. கப்டன் சிட்னி குரொஸ்பி அதைத் தூக்கினாப் பிறகு முதல்ல குடுத்தது நட்சத்திர ஆட்டக்காரரான மல்கினுக்கு இல்லை, கெஸலுக்கும் இல்லை. ரீமுக்கு வந்து நாலு மாசம்கூட ஆகாத 36 வயது ரொன் ஹெய்ன்சிக்கு.

அவர் வந்த பாதையைப் பாருங்கோ. 2000ஆம் ஆண்டு டிராஃப்ற்றில, அதாவது ரீமுகள் இளம் ஆட்டக்காரரை வரிசையாத் தெரிவுசெய்யேக்க, 13ஆவது ஆளா மொன்றியல் எடுத்தது. கீழ் லீக்குக்கும் மேல் லீக்குக்கும் இடையில அலைக்கழிச்சுப்போட்டு 2005 நவம்பரில வேவர்ஸில விட்டது. அப்பிடி விட்டா 24 மணித்தியாலத்துக்குள்ள எந்த ரீமும் சும்மா தூக்கிக்கொண்டு போகலாம். கொலம்பஸ் தூக்கினது. 2008இல அற்லாண்டா. 2011இல அந்த ரீமே வின்னிபெக்குக்குக் குடிபெயர்ந்தது, இவரும் சேர்ந்து போனார். 2013இல கரோலைனா. 2017 பெப்ரவரியில ஒரு இரண்டாஞ்சுற்று டிராஃப்ற் உரிமைக்கும் ஒரு கீழ் லீக் ஆட்டக்காரருக்கும் மாற்றா பிற்ஸ்பேர்க். இவ்வளவுக்கும் இடையில 907 ஆட்டம், பிளேஓஃப் (சீசன் முடிவில கோப்பைக்கான சுற்றுகள்) ஒண்டுகூட இல்லை. அதுக்கு முதல் ஆக நீண்ட காத்திருப்பு ஒலி யோக்கினனுடையது, 799.

குரொஸ்பி அண்டைக்குக் குடுத்தது ஒரு வேலைக்கான மரியாதை எண்டுதான் நான் நம்புறன். காத்திருந்ததுக்கான ஆறுதல் எண்டு சொல்லுறவையோட எனக்கு உடன்பாடில்லை.

கோல்கணக்கு (கால்கரி):

அண்ணா, அந்த "ஆறுதல்" கட்சியில நான் இருக்கேன். 2001ல கொலராடோவில ஜோ சாகிக் கோப்பையை ரே போர்க் கையில கொடுத்தார். போர்க் கோப்பைக்காக 1,612 ஆட்டம் காத்திருந்தவர், அதோட ஹாக்கி கண்ட மிகச் சிறந்த டிஃபென்ஸ்மேன்கள்ல ஒருத்தர். அங்கே காத்திருப்பும் இருந்தது, தகுதியும் இருந்தது. ஹெய்ன்சிகிட்ட காத்திருப்பு மட்டும்தான் அந்த அளவுக்குப் பெரிசு.

இன்னொரு விஷயத்தையும் பார்க்கணும். 2008 ஜூலையில அவர் கொலம்பஸை விட்டார், அடுத்த சீசன்லயே கொலம்பஸ் தன் வரலாற்றில முதல் தடவையா ப்ளேஆஃப் போச்சு. 2013ல வின்னிபெக்கை விட்டார், 2015ல அவங்க போனாங்க. 2017ல கரோலைனாவை விட்டார், 2019ல அவங்க அரையிறுதி வரைக்கும் போனாங்க. ஒரு இடத்தில நடந்தா துரதிர்ஷ்டம்னு சொல்லலாம். மூணு இடத்திலயும் நடந்தா? டிஃபென்ஸ்மேன் ராத்திரிக்கு இருபது நிமிஷத்துக்கு மேல ஐஸ்ல நிக்கிறவர். டீம் தோத்ததுல அவருக்குப் பங்கே இல்லைன்னு எப்படி ஒதுக்கிவைக்க முடியும்?

வெள்ளைஇரவு (வின்னிபெக்):

கோல்கணக்கு, அந்த மூணு ஊர்லயும் என்ன மாறிச்சுன்னு பாருங்க. கொலம்பஸ் 2009ல போனதுக்குக் காரணம் ஸ்டீவ் மேசன். அறிமுக சீசன்லயே 10 ஷட்அவுட் (ஒரு கோல்கூட விடாத ஆட்டம்) போட்டு, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது வாங்கின கோலி (கோல்கீப்பர்). கரோலைனாவுக்கு 2018ல ராட் பிரிண்டமோர் கோச்சா வந்தார், டக்கி ஹாமில்டன் வந்தார், செபாஸ்டியன் ஆஹோ முழுசா வளர்ந்துட்டார். எங்க ஊர் ஜெட்ஸோட பெரிய பிரச்சினை பல வருஷம் கோல் வாசல்ல இருந்தது. ஹெய்ன்சி போனதால கதவு திறந்ததுன்னு நீங்க சொல்றதுக்கு வருஷக்கணக்கு மட்டும்தான் பொருந்துது, காரணம் பொருந்தல.

நான் அவரை இங்கே பார்த்திருக்கேன். மைதானத்துல யாரும் அவர் பேரைச் சொல்லிக் கத்தினதில்லை. ஆனா நம்ம ஆள் ஒருத்தர் தப்பு பண்ணி பெனால்டி பெட்டிக்குப் போய் ஒரு ஆள் குறைஞ்சா பெஞ்சுல இருந்து குதிக்கிற முதல் ரெண்டு டிஃபென்ஸ்மேன்ல ஒருத்தர் அவரா இருப்பார்.

கோல்கணக்கு (கால்கரி):

கோலி விஷயம் சரி, ஏத்துக்கறேன். ஆனா சம்பளத்தையும் பாருங்க. அட்லாண்டா அவருக்கு அஞ்சு வருஷத்துக்கு 22.5 மில்லியன் டாலர் கொடுத்தது, அதாவது வருஷத்துக்கு 4.5. அப்போ சேலரி கேப், அதாவது ஒரு டீம் சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு, 56.7 மில்லியன். ஒரு டீமோட மொத்தப் பணத்துல எட்டு சதவீதத்துக்குக் கிட்ட ஒரே ஆளுக்கு. அதுவும் அவரோட உச்ச வயசுல. அந்த அஞ்சு வருஷத்துலயும் அட்லாண்டாவுக்கோ வின்னிபெக்குக்கோ ப்ளேஆஃப் கிடைக்கல. இந்தக் கதையை ஏழைத் தொழிலாளி கதையா எழுதறதைத்தான் எதிர்க்கறேன். முதல் சுற்று டிராஃப்ட், பெரிய கான்ட்ராக்ட், ரெண்டுமே அவருக்குக் கிடைச்சிருக்கு.

நீலக்கோடு (ஸ்காபரோ):

ஏழை எண்டு நான் எங்கயும் எழுதேல்லை. அவருக்குக் காசு கிடைச்சது, கிடைக்கத்தான் வேணும். என்ர கேள்வி 2017 வசந்தத்தில அவர் என்ன செய்தவர் எண்டது.

பிற்ஸ்பேர்க்கின்ர முதலாவது டிஃபென்ஸ்மன் கிறிஸ் லெட்டாங். ராத்திரிக்கு இருபத்தஞ்சு நிமிசமளவில ஆடுற ஆள். பிளேஓஃப் தொடங்க முதலே கழுத்தில சத்திரசிகிச்சை, முழுக்க வெளியில. அந்த ஓட்டையை ஒராளால அடைக்க ஏலாது. பயிற்சியாளர் மைக் சலிவன் நிமிசங்களைப் பங்குபோட்டுக் குடுத்தார், அதில பிரையன் டுமுலினோட சேர்ந்து எதிர்த்தரப்பின்ர முன்னணி வரிசைகளுக்கு முன்னால நிண்டது ஹெய்ன்சி. முதல் பிளேஓஃப் ஆட்டமே தன்னை ஒருக்கால் தூக்கின கொலம்பஸுக்கு எதிரா. பிறகு வாஷிங்டன் ஏழு ஆட்டம், ஒட்டாவா ஏழு ஆட்டம், நாஷ்வில் ஆறு. மொத்தம் 25 ஆட்டத்திலும் ஆடினவர். 2 கோல், 6 அசிஸ்ற். இறுதிச்சுற்று அஞ்சாவது ஆட்டத்தில 6-0 எண்டு வெல்லேக்க ஆறாவது கோல் அவற்றது.

அந்த வருசம் ட்ரேட் முடிவுநாளுக்கு முதல் எல்லாரும் கதைச்ச பெயர் கெவின் ஷாற்றன்கேர்க். கோல் போடுற, எதிராளிக்கு ஆள் குறையேக்க பவர் பிளே நடத்துற டிஃபென்ஸ்மன். வாஷிங்டன் அவருக்கு முதல் சுற்று டிராஃப்ற் உரிமையும் அதுக்கு மேலயும் குடுத்து எடுத்தது. லீக்கில ஆகக் கூடப் புள்ளி எடுத்த ரீம் அது. இரண்டாஞ்சுற்றில அவையளை வீட்டை அனுப்பினது ஹெய்ன்சியின்ர ரீம்.

கோல்கணக்கு (கால்கரி):

வாஷிங்டனை வீட்டுக்கு அனுப்பினது பிட்ஸ்பர்க் கோலி ஃப்ளூரி. ஏழாவது ஆட்டம் 2-0, ஷட்அவுட். கொலம்பஸ் ப்ளேஆஃப் போனதுக்கு மேசன் காரணம்னா, இங்கே ஃப்ளூரி காரணம். ஒரே அளவுகோல் வச்சுக்குவோம்.

ஐஸ்அம்மா (மார்க்கம்):

என் பொண்ணு டிஃபென்ஸ் ஆடறா, அதனால கோலைத் தாண்டி வேற எங்கே பார்க்கணும்னு சில வருஷமா கத்துக்கிட்டிருக்கேன். ஹெய்ன்சியை நான் கவனிச்சது டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ்ல, 2017லேருந்து 2019 வரைக்கும்.

அவர் இடதுகை ஆட்டக்காரர். லீஃப்ஸ் அவரை வலது பக்கம் நிறுத்தினாங்க, மார்கன் ரைலிக்கு ஜோடியா. வலது பக்கத்துல இடதுகைக்காரர் நின்னா என்ன ஆகும் தெரியுமா? பலகை ஓரமா வர்ற பக்கை (ரப்பர் வட்டை) ஸ்டிக்கோட பின்பக்கத்தால நிறுத்தணும். முதுகுக்குப் பின்னால ஆள் மோத வந்துக்கிட்டு இருப்பான். முன்னால பாஸ் கொடுக்கக் கோணம் கிடைக்காது. 37 வயசுல அதை ராத்திரிக்கு ராத்திரி செஞ்சார். அவர் பின்னால நின்னதாலதான் ரைலி முன்னால ஓட முடிஞ்சது. 2018-19ல ரைலி 20 கோல், 72 புள்ளி (கோலும் அசிஸ்டும் சேர்ந்து). அதுக்கு முன்னாடி அவர் அதைத் தொட்டதே இல்லை.

ரைலி எதிர்த்தரப்பு எல்லைக்குள்ள போய்ட்டு திரும்பி வர நேரமாகும். அந்த அஞ்சாறு செகண்ட் ஹெய்ன்சி பின்னோக்கிச் சறுக்கிக்கிட்டே, வர்றவனை நடுவுல விடாம ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டே போவார். இடிக்க மாட்டார், பக்கைப் பறிக்கவும் அவசரப்பட மாட்டார். ஷாட் வந்தாலும் கோலி பார்க்கக்கூடிய கோணத்துல இருந்துதான் வரும். டிவியில அது ஒண்ணுமே நடக்காத மாதிரி தெரியும். இதை எந்தப் புள்ளிக் கணக்குல எழுதுவீங்க?

கோல்கணக்கு (கால்கரி):

ஐஸ்அம்மா, நீங்க எழுதினதை மதிக்கறேன். ஆனா லீஃப்ஸ் உதாரணம்தான் என் வாதத்துக்கு வலு சேர்க்குது. 2018ல பாஸ்டனுக்கு எதிரா ஏழாவது ஆட்டம். மூணு பீரியட்ல ரெண்டு முடிஞ்சப்போ லீஃப்ஸ் 4-3 முன்னால. கடைசியில 7-4 தோல்வி. 2019ல அதே பாஸ்டன், அதே ஏழாவது ஆட்டம், 5-1. ரெண்டு வருஷமும் முதல் ஜோடியில நின்னவர் அவர். பிட்ஸ்பர்க்ல மூணு நாலு பேர் சேர்ந்து சுமந்த சுமையில ஒரு பங்கு அவருடையது, அது அவரால முடிஞ்சது. டொராண்டோவில அவரை முதல் ஜோடிக்கே ஏத்தினாங்க. அது முடியல. அவர் மேல கோபமில்லை, கோச் பாப்காக்கும் நிர்வாகமும் எடுத்த முடிவு அது. ஆனா இப்படிப்பட்டவங்களைப் போற்றிப் போற்றித்தான் டீம்கள் அவங்க தாங்க முடியாத இடத்துல அவங்களை நிறுத்துது.

வெள்ளைஇரவு (வின்னிபெக்):

2018 தோல்விக்கு ஊரே இன்னொரு டிஃபென்ஸ்மேன் ஜேக் கார்டினரைத் திட்டினதுதான் ஞாபகம் இருக்கு, ஹெய்ன்சியை இல்லை. அடுத்து, 2019ல அவர் ஒட்டாவாவுக்குப் போனப்புறம் ரைலி 47 ஆட்டத்துல 3 கோல்.

கோல்கணக்கு (கால்கரி):

அந்த வருஷம் ரைலிக்குக் கால்ல அடி. அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

வெள்ளைஇரவு (வின்னிபெக்):

சேர்த்துக்கோங்க, 3 கோல் 3 கோல்தான். இங்கே யாரும் தொடாத ஒண்ணு இருக்கு. 2012 செப்டம்பர்லேருந்து 2013 ஜனவரி வரைக்கும் லீக் கதவடைச்சப்போ ஆட்டக்காரர் சங்கத்தோட பேச்சுவார்த்தைக் குழுவுல முன்னால நின்னவர்கள்ல ஹெய்ன்சி ஒருத்தர். எதிர்ல உட்கார்ந்திருந்தவங்க டீம் முதலாளிங்க, அவருக்கு நாளைக்கு வேலை கொடுக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்றவங்க. அவரோட கான்ட்ராக்ட் அந்த சீசனோட முடியுது. அந்த ஒப்பந்தத்துலதான் ஆட்டக்காரர்களுக்கு நிலையான ஓய்வூதியம் வந்தது. 2013 கோடை முழுக்க அவருக்கு எந்த டீமும் இல்லை. செப்டம்பர்லதான் கரோலைனா எடுத்தது, ஒரே வருஷத்துக்கு. ஓய்வூதியத்தை கிராஸ்பியை விட அதிகமா நம்பியிருக்கிறவங்க வேவர்ஸ்ல போய்ப் போய் வர்ற ஆட்டக்காரங்க. அந்த அறையில அவங்களுக்காகப் பேசினவர் அதே வரிசையில நின்னவர். பின்னாடி அவர் சங்கத்துக்கே வேலைக்குப் போனார். கோப்பையைக் கையில வாங்கினப்போ சக ஆட்டக்காரர்கள் முகத்துல இருந்த சந்தோஷத்துக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கறேன்.

கோல்கணக்கு (கால்கரி):

ஓய்வூதிய விஷயத்துல அவருக்கு முழு மரியாதை. அது ஐஸுக்கு வெளியே செஞ்ச வேலை. நான் கேட்டது ஐஸ் மேல செஞ்சதைப் பத்தி. 1,132 ஆட்டம் ஆடினவரை மோசம்னு சொல்ல நான் வரல. ஆனா அந்தக் கோப்பையை முதல்ல வாங்க லெட்டாங் இல்லாத இடத்தைச் சேர்ந்து சுமந்த டுமுலினுக்கும், இயன் கோலுக்கும் அதே உரிமை இருந்தது. அவங்க முந்தின வருஷமும் அங்கேதான் இருந்தாங்க.

நீலக்கோடு (ஸ்காபரோ):

அதே காரணத்தாலதான் ஹெய்ன்சிக்கு. டுமுலினும் கோலும் 2016இலயே கோப்பையைத் தூக்கியாச்சு. குரொஸ்பிக்கு அந்தப் பத்து விநாடிக்குள்ள யாரிட்டக் குடுக்கிறது எண்டு தெரிஞ்சிருந்தது. ஹெய்ன்சியோட ஒரே அறையில உடுப்பு மாத்தி 24 பிளேஓஃப் ஆட்டம் ஆடின ஆளின்ர தீர்ப்பை நான் கனமா எடுக்கிறன்.

ஆறாவது ஆட்டத்தின்ர மூண்டாம் பீரியட்டைத் தேடிப் பாருங்கோ. 0-0, நாஷ்வில்லுக்கு ஒருக்கால் ரெண்டு ஆள் கூட. பிற்ஸ்பேர்க்கின்ர ஹோர்ன்க்விஸ்ற் கோல் விழுந்தது முடிய ஒண்டரை நிமிசம் இருக்கேக்க. அதுவரைக்கும் பக்கைப் பாக்காமல் 65ஆம் இலக்கத்தை (ஹெய்ன்சியை) மட்டும் பாருங்கோ. பாத்துப்போட்டு வாங்கோ, திரும்பக் கதைப்பம்.

கோல்கணக்கு (கால்கரி):

பார்க்கறேன் அண்ணா. ரெண்டாம் பீரியட்ல நாஷ்வில்லோட சிசன்ஸ் போட்ட கோலை விசில் சீக்கிரம் ஊதினதால ரத்து பண்ணினாங்களே, அதையும் நீங்க இன்னொரு தடவை பாருங்க. அது கோலாயிருந்தா இந்தத் திரியே இருந்திருக்காது.