நலமடிக்காத ஆண்குதிரை: ஏறி இருந்ததும் பதறுது, எப்படி அமைதிப்படுத்துறது?

கேள்வி: கனகராயன்கரை

வணக்கம். நுவரெலியாவில பந்தயம் ஓடி நிப்பாட்டின தரோபிரெட் ஆண்குதிரை ஒண்டு 3 மாதமா எங்கட காணியில நிக்குது. வயசு 6, நலமடிக்கேல்லை (விதை எடுக்கேல்லை). கையில பிடிச்சு நடத்தினா நல்ல பிள்ளை. சேணத்தின்ர வயித்துவாரை இறுக்கேக்க காதை மடக்கி வயித்தைத் திரும்பிப் பாப்பான். அங்கவடியில கால் வைச்ச உடன நடக்கத் துவங்கிடுவான். ஏறி இருந்தா தலையைத் தூக்கி, பல்லை நறநறவெண்டு கடிச்சு, குறுக்கால துள்ளித் துள்ளிப் போறான். கடிவாளத்தை இழுத்தா இன்னும் வேகம் கூடுது. 20 நிமிசத்துக்குள்ள கழுத்தெல்லாம் நுரை. லத்தியும் இளகி நாலைஞ்சு தரம் போகுது. எதிரில லான்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) வந்தா அப்பிடியே சுழண்டு வீட்டுப் பக்கம் திரும்பிடுவான்.

தீன்: காலையும் பின்னேரமும் மாட்டுத்தீனும் தவிடும் கலந்து 2½ கிலோ, வைக்கோல், வெட்டின சீ.ஓ-3 புல். சவாரி பின்னேரம் 4 மணிக்குக் குளக்கட்டில. வேற குதிரை இல்லை. கடுமையான கடிவாள இரும்பு போடச் சொல்லிச் சிலர், நலமடிக்கச் சொல்லிச் சிலர். எதைச் செய்யிறது?

பதில்: பாலைநிழல்

இரண்டையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். நீங்கள் எழுதியதில் பாதி, வலியின் அடையாளங்கள். வார் இறுக்கும்போது வயிற்றைத் திரும்பிப் பார்ப்பது, பல் கடிப்பது, இளகிய லத்தி மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் இரைப்பைப் புண்ணை நினைக்க வேண்டும். குதிரையின் இரைப்பை நாள் முழுக்க அமிலம் சுரக்கும்; மாட்டைப்போல நாலறை கிடையாது, அசைபோடாது. 5, 6 மணித்தியாலம் நார்த்தீன் இல்லாமல் வெறும் வயிற்றோடு நின்றாலே புண் வரத் தொடங்கும். வெறும் வயிற்றோடு துள்ளும்போது அமிலம் இரைப்பையின் பாதுகாப்பில்லாத மேல் பகுதியில் தெறிக்கிறது. ஆகவே சவாரிக்கு அரை மணித்தியாலம் முன்னர் ஒன்று, ஒன்றரைக் கிலோ புல்லை நறுக்கிப் போட்டுத் தின்ன விடுங்கள். வயிற்றில் புல் மெத்தைபோல மிதந்து அமிலத்தைத் தடுக்கும்.

மாட்டுத்தீனை இன்றைக்கே நிறுத்துங்கள். சில மாட்டுத்தீனிலும் கோழித்தீனிலும் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். மாட்டுக்குக் கேடில்லாத அளவே குதிரையின் இதயத் தசையைக் கொல்லும். அதற்கு மாற்று மருந்து இல்லை. மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரியாத எதையும் குதிரைக்கு வைக்க வேண்டாம்.

அடுத்தது தவிடும் சீ.ஓ-3 உம். தவிட்டில் பொசுபரசு மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. சீ.ஓ-3, கினிப்புல் இரண்டிலும் உள்ள ஒட்சலேற்று என்ற பொருள், இருக்கிற கல்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த இரண்டையும் சேர்த்து மாதக்கணக்கில் கொடுத்தால் குதிரை தன் எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கும். அடி குறுகும், கால் மாறிமாறி நொண்டும், பிறகு முகத்தின் எலும்பு வீங்கும். மூட்டு நோகிற குதிரை முதுகில் ஆளை ஏற்ற விரும்பாது. தவிட்டைக் குறைத்து, தீனுக்கென்று விற்கிற சுண்ணாம்புக்கல் மாவைச் சேருங்கள். அளவைக் கால்நடை வைத்தியர் தீனைப் பார்த்துச் சொல்லட்டும். காணியில் அறுகம்புல் இருந்தால் அதில் மேய விடுவது எல்லாவற்றிலும் நல்லது.

எவ்வளவு புல் என்பதற்கு முதலில் எடை தெரிய வேண்டும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு; தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளம் ஓர் அளவு, இரண்டும் சென்ரிமீற்றரில். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் பிரியுங்கள். சுற்றளவு 180, நீளம் 160 என்றால் ஏறத்தாழ 436 கிலோ. அந்த எடையில் 1½ முதல் 2 வீதம் காய்ந்த நார்த்தீன், அதாவது நாளுக்கு 6½ முதல் 9 கிலோ. பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அதே அளவுக்கு 35, 40 கிலோ வெட்ட வேண்டிவரும். பந்தயக் காலத்துத் தானியத்தை இப்போதும் கொடுத்தால் செலவழிக்க வழியில்லாத சக்திதான் சேரும்.

வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் கடைவாய்ப் பல் வெளிப்புறமும் கீழ்ப் பல் உட்புறமும் கத்திபோலக் கூராகும். கடிவாளம் இழுபடும்போது கன்னம் அதில் வெட்டுப்படும். கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சின்னதாக ஓநாய்ப்பல் இருந்தால் இரும்பு அதில் இடித்துத் தலையைத் தூக்க வைக்கும். முதுகெலும்புக்கு இரு பக்கமும் நாலு விரல் தள்ளி, பிடரி முடிகிற மேட்டிலிருந்து இடுப்பு வரை விரல் நுனியால் ஒரே அழுத்தமாக அழுத்தி வாருங்கள். ஓரிடத்தில் முதுகு வெடுக்கென்று தாழ்ந்தால் அந்த இடம் நோகிறது. ஆள் ஏறிய பிறகும் சேணத்தின் முன் வளைவுக்கும் அந்த மேட்டுக்கும் இடையில் இரண்டு விரல் புக வேண்டும். சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும் சுற்றிலும் வியர்வை இருக்க ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கேதான் நெரிக்கிறது. பந்தயத்தை விட்ட குதிரைக்கு 3 மாதத்தில் முதுகுத் தசை வற்றும். அன்று பொருந்திய சேணம் இன்று பொருந்தாது.

பதில்: ஒலுமடு

தம்பி, உதையெல்லாம் பாருங்கோ, சரி. ஆனா சும்மா நிண்டு தின்னுற குதிரைக்கு வேலை காணாது. ஏற முதல் நீளக்கயிறு கட்டி வட்டத்தில 10 நிமிசம் நடையும் துள்ளுநடையுமா விடுங்கோ. கால் நேரா வைக்குதோ, முதுகு இறுகி இருக்குதோ எண்டு தெரியும். வெறி கொஞ்சம் அடங்கின பிறகு ஏறலாம்.

பதில்: முறிப்புவெளி

ஒலுமடு அண்ணை சொன்ன 10 நிமிசம் சரி. ஆனா கனபேர் அதை 40 நிமிசமாக்கிக் களைக்க வைப்பினம். அதுதான் பிழைக்கிற இடம். பந்தயக் குதிரையைக் களைக்க வைக்க ஏலாது. இண்டைக்கு 40 நிமிசத்தில களைச்சா அடுத்த மாதம் 60 நிமிசம் தேவைப்படும், ஏனெண்டா நாங்களே அவனுக்குப் பயிற்சி குடுத்து உரமேத்திறம். சின்ன வட்டத்தில கனநேரம் ஓடினா முழங்காலும் குளம்படி மூட்டும் கெடும். களைப்பு வேற, அமைதி வேற. களைச்ச குதிரை பயத்தோடதான் நிக்கும்.

இவன் ஏன் இப்பிடிச் செய்யிறான் எண்டதை முதல் விளங்கிக்கொள்ளுங்கோ. பந்தயத்தில இரண்டு கடிவாள வாரும் இறுகினா "சாய்ஞ்சு ஓடு" எண்டு அர்த்தம். நீங்கள் நிப்பாட்ட இழுக்கிறியள், அவன் பழகின பாடத்தைச் செய்யிறான். கடுமையான இரும்பு போட்டா அந்த இழுவையோட வலியும் சேரும், வலியிலயிருந்தும் ஓடுவான். பந்தயத்தில ஆளைத் தூக்கி ஏத்துறதும் குதிரை நடந்துகொண்டிருக்கேக்கதான். நிண்டு ஏத்துற பாடம் அவனுக்குத் தெரியவே தெரியாது.

முதல் இரண்டு கிழமை ஏற வேண்டாம். காலையும் பின்னேரமும் 15 நிமிசம் தரையில நிண்டு தலை தாழ்த்தப் பழக்குங்கோ. தலைக்கயிற்றை நாடிக்குக் கீழ பிடிச்சு, ஒரு தேத்தண்ணிக் கோப்பையின்ர பாரமளவு கீழ் நோக்கி அழுத்தம். இழுக்கிறதில்லை, பாரம் மட்டும். ஒரு விரற்கடை தாழ்த்தினா அந்த நொடியே விடுங்கோ. ஒரு செக்கன் பிந்தினாலும் எதுக்கு விட்டீங்கள் எண்டு அவனுக்கு விளங்காது. தலையை மேல எறிஞ்சா பாரத்தைக் கூட்டாதேங்கோ, அதே பாரத்தோட கையும் கூடப் போகட்டும். நாலைஞ்சு நாளில மூக்கு முழங்கால் மட்டத்துக்கு வரும். வாய் மெல்லும், மூக்கால "புர்ர்" எண்டு ஊதும், கண் அடிக்கடி இமைக்கும். உடம்பு இளகுதெண்டு அர்த்தம். கண் இமைக்காம வாய் மட்டும் மென்டா அதை நம்பாதேங்கோ.

பரிசா பிடரி முடியிற மேட்டில விரலால வடிவாச் சொறிஞ்சு விடுங்கோ. குதிரையள் ஒண்டையொண்டு அந்த இடத்திலதான் கடிச்சுச் சொறியும், இதயத்துடிப்புக் குறையும். கழுத்தில படபடவெண்டு தட்டுறதை விடுங்கோ. ஆண்குதிரைக்குக் கையால தீன் குடுத்தா கெதியாக் கடிக்கப் பழகும். குடுக்கிறதெண்டா வாளியில போட்டு நிலத்தில வையுங்கோ. தலையும் தானாத் தாழும்.

பிறகு வயித்துவார். ஒரே இறுக்கா இறுக்கக் கூடாது. ஒரு ஓட்டை, பத்தடி நடை, அடுத்த ஓட்டை, திரும்ப நடை, மூண்டாவது ஏற முதல். உயரமான மரக்குத்தி ஒண்டு வைச்சு அதில ஏறி நில்லுங்கோ. அவன் அசையாம நிக்கிறதுதான் முழுப் பாடம். அசைஞ்சா இறங்கி, சத்தமில்லாம பழைய இடத்துக்குக் கொண்டுவந்து நிப்பாட்டி மூச்சு விடுங்கோ. அடுத்து சேணத்தில கையை ஊண்டிப் பாரம் வைக்கிறது, பிறகு வயித்தால படுத்து மற்றப் பக்கத்தைத் தடவுறது, பிறகு கால் போட்டு இருந்து உடனே இறங்குறது. ஏறின உடன நடக்க விடாதேங்கோ. ஏறி, நிண்டு, 10 எண்ணி, பிறகு நடை.

ஏறின பிறகு தளர்ந்த கடிவாள வாரில 20 நிமிசம் நடை, அவ்வளவுதான். வேகம் கூடினா இரண்டு வாரையும் பிடிச்சு இழுக்காம ஒரு பக்க வாரை விரலால பிழிஞ்சு 10 மீற்றர் வட்டத்தில திருப்புங்கோ. கழுத்து வளைஞ்சு நாடி இளகின உடன கையைத் தளர்த்தி நேரா விடுங்கோ. ஒரு நடையில 30 வட்டம் வந்தாலும் பரவாயில்லை. 15 அடிக்கு ஒருக்கா நிப்பாட்டி 5 எண்ணித் திரும்ப நடை. நிக்கச் சொல்ல முதல் வாயால நீளமா மூச்சு விடுங்கோ. உங்கட இடுப்பு இறங்கும், கொஞ்ச நாளில அந்த மூச்சுக்கே நிப்பான். பயந்த குதிரையில ஆக்கள் காலை விரிச்சுத் தூக்கி வைச்சிருப்பினம், பிறகு கால் தற்செயலாப் பட்டா அவன் பாய்வான். கெண்டைக்கால் எப்பவும் மெல்லத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும்.

நடையில தலை தாழ்ந்த பிறகுதான் துள்ளுநடை: பத்து அடி, உடனே நடை, திரும்ப பத்து அடி. அவன் பதற முதல் நீங்கள் நடைக்கு வரவேணும். பாய்ச்சலுக்கு இரண்டு மாதம் அவசரமில்லை.

குளக்கட்டு இப்ப கூடாது. ஒடுக்கமான இடத்தில சுழண்டா இரண்டு பேரும் உருளுவியள், வட்டமடிக்கவும் இடமில்லை. 20க்கு 40 மீற்றர் இடம் ஒண்டை அடையுங்கோ, ஆனா முள்ளுக்கம்பியால இல்லை. பனை வரிச்சுப் போதும். அறுத்த வயல் வசதி எண்டு நினைப்பியள். காய்ஞ்சு வெடிச்ச நிலத்திலயும் வரம்பிலயும் கால் சிக்கும், பாத்து மட்டப்படுத்துங்கோ.

பதில்: வாடைக்காத்து

லான்மாஸ்டர் பிரச்சினைக்கு மட்டும் எழுதுறன். உதுக்கு இரண்டு பேர் வேணும், குதிரையில ஆள் இருக்கக் கூடாது.

முதல் நாள் எஞ்சின் நிப்பாட்டின வண்டியை 50 மீற்றரில விடுங்கோ. அவன் பாத்து, தலையை இறக்கி, புல்லைக் கடிக்கிற தூரம் எதுவோ அதுதான் உங்கட துவக்கக் கோடு. கோட்டுக்கு அங்கால இரண்டடி கூட்டிப் போய், அவன் இறுக முதல் நீங்களாத் திரும்பி வாங்கோ. அவன் இழுத்துத் திரும்பினா "பயந்தா வீடு" எண்ட பாடம்தான் இன்னும் ஊறும். உங்கட குதிரை குளக்கட்டில படிச்சதும் உதுதான். பிறகு எஞ்சினை மெதுவா ஓட விட்டு அதே வேலை, திரும்ப 50 மீற்றரிலயிருந்து.

அடுத்தது கன உதவி: வண்டி முன்னால மெல்லப் போகட்டும், குதிரையை 30 மீற்றர் பின்னால நடத்துங்கோ. விலகிப் போற சாமானுக்குப் பின்னால போகக் குதிரை கெதியாத் துணியும். நாளுக்கு நாள் கிட்டப் போங்கோ. எதிரில வாறது கடைசிப் பாடம். கிடுகு, தறப்பாள், உரப்பை எல்லாத்துக்கும் இதே முறை. எதையும் மரத்தில கட்டி வைச்சுக்கொண்டு காட்டாதேங்கோ. கட்டின குதிரை பயந்தா கழுத்தை முறிச்சுக்கொள்ளும்.

சோழகம் அடிக்கிற மாதங்களில பின்னேரம் பனையோலை சரசரக்கும், காத்தில மணமும் சத்தமும் எங்கயிருந்து வருதெண்டு அவனுக்குப் பிடிபடாது. 4 மணி வெயிலும் சேந்தா பதட்டத்தின்ர வியர்வையும் சூட்டின்ர வியர்வையும் பிரிக்க ஏலாது. விடிய 5.30க்குத் துவங்கி 7க்குள்ள முடியுங்கோ. குளிர் மலையிலயிருந்து வந்த குதிரை. சும்மா நிக்கேக்க மூச்சு நிமிசத்துக்கு 8 முதல் 16, இதயத்துடிப்பு 28 முதல் 44. ஆறுதலா நிக்கிற நேரத்தில உங்கட குதிரையின்ர எண்ணிக்கையை எழுதி வையுங்கோ. வேலை முடிஞ்சு அரை மணித்தியாலத்தில அதுக்குக் கிட்ட வரவேணும். வராட்டி உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்துங்கோ, ஊத்திக்கொண்டே இருங்கோ. நாளுக்கு 30 கிராம் உப்பு, நல்லா வியர்த்த நாளில அதின்ர இரண்டு மடங்கு. தண்ணி எப்பவும் முன்னால இருக்கவேணும்.

கேள்வி கேட்டவர்: கனகராயன்கரை

எல்லாருக்கும் நன்றி. தவிட்டையும் மாட்டுத்தீனையும் நிப்பாட்டியாச்சு. நலமடிக்கிறதைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. தனிய நிக்கிறதும் காரணமா இருக்குமோ? திரும்பக் குளக்கட்டுக்கு எப்ப போகலாம்?

பதில்: பாலைநிழல்

இனவிருத்தி நோக்கம் இல்லையென்றால் நலமடிப்பது நல்லதுதான். பெட்டைக் குதிரை மணத்துக்குக் கத்துவது, மற்ற ஆண்குதிரையோடு மோதுவது குறையும். ஆனால் லான்மாஸ்டர் பயத்தை அது தீர்க்காது, 6 வயதுக்குப் பிறகு சில பழக்கங்கள் அப்படியே தங்கும். ஏற்புத் (டெட்டனஸ்) தடுப்பூசி போடாமல் செய்யவே கூடாது, குதிரைக்கு ஏற்புவலி மிக எளிதில் வரும். நலமடித்த பிறகும் 6 கிழமையாவது பெட்டையோடு விட வேண்டாம், விந்து மிச்சம் இருக்கும். புண் ஆற ஒவ்வொரு நாளும் நடத்த வேண்டும் என்பதால் ஏறுகிற பயிற்சி தடைப்படும். முதலில் தீனையும் வாயையும் சேணத்தையும் சரிசெய்து, பிறகு நாளைத் தீர்மானியுங்கள்.

தனிமை பெரிய காரணம். குதிரை கூட்டத்தில் நிற்கிற பிராணி. காவலுக்கு இன்னொரு கண் இல்லாவிட்டால் இரவில் ஆறுதலாகப் படுத்துத் தூங்காது. பக்கத்துக் கொட்டிலில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓர் ஆட்டையோ சாதுவான பசுவையோ கட்டுங்கள். நாலு பக்கமும் தகரம் அடித்த கொட்டிலென்றால் தலை மட்டத்துக்கு மேல் திறந்து விடுங்கள்.

பதில்: முறிப்புவெளி

குளக்கட்டுக்கு: அடைச்ச இடத்தில தொடர்ந்து ஒரு கிழமை, ஏறேக்க அசையாம நிண்டு, முதல் 5 நிமிசத்துக்குள்ள தளர்ந்த வாரில தலை தாழ்த்தி நடந்தா போகலாம். முதல் மூண்டு நாளும் ஏறாம, சேணத்தோட கையில பிடிச்சு நடத்துங்கோ. நாலாம் நாள் கட்டின்ர அகலமான முனையில ஏறி 100 மீற்றர், அங்கேயே இறங்கி வயித்துவாரைத் தளர்த்தி, புல் கடிக்க விட்டு, நடத்திக்கொண்டே வீட்டுக்கு வாங்கோ. வீட்டு வாசலில இறங்கினா வீட்டுக்கு ஓடுறதுக்கு அதுவே கூலியாப் போயிடும்.