1.8 மி.மீ. தரைவண்டு, புதிய சிற்றினமாக இருக்கலாம்: விவரிப்பை எங்கிருந்து தொடங்குவது?

சருகுமேடு:

வணக்கம். காட்டுத் தரையில் அள்ளிய சருகையும் அதன் அடியிலிருந்த மண்ணையும் பெர்லீஸ் புனலில் (மேலிருந்து சூடு பட்டதும் பூச்சிகள் கீழே இறங்கி விழும் புனல்) போட்டு, மேலே பல்பை எரியவிட்டு நாலு நாள் வைத்திருந்தேன். கீழே ஆல்கஹாலில் விழுந்து கிடந்தவற்றில் ஆறு வண்டுகள் வேறு மாதிரி இருந்தன. நீளம் 1.8 மி.மீ.தான், வெளிறிய தேன் நிறம், தட்டை உடம்பு, கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. பின்காலில் பெரிய முட்டை வடிவ ட்ரொகேன்டர் (தொடைக்கு முந்தைய கணு), முன்காலில் உணர்கொம்பைத் துடைத்துக்கொள்ளும் பள்ளம், இதையெல்லாம் பார்த்ததில் தரைவண்டுக் குடும்பம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கையிலிருக்கும் அடையாளத் திறவுகோலில் (பண்பு பண்பாகக் கேட்டுச் சிற்றினத்துக்குக் கொண்டுபோகும் பட்டியல்) படிப்படியாக இறங்கினால் கடைசியில் எந்தச் சிற்றினத்தோடும் பொருந்தாமல் நின்றுவிடுகிறது.

புதியது என்றால் முறையாக விவரித்து வெளியிட ஆசை. நல்ல படங்கள் எடுத்துவிட்டேன், தலையிலிருந்து வால்முனை வரை இரண்டு பக்கத்துக்கு வர்ணனையும் எழுதிவிட்டேன். இது போதுமா? ஆறில் ஒன்றுதான் ஆண் என்று நினைக்கிறேன், அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

ஈரமண்:

முதலில் வாழ்த்துகள், இந்த அளவு வண்டைக் கவனித்ததே பெரிய விஷயம்.

தாடை உணரியின் (வாயருகே இருக்கும் சின்னக் கணுக்கொம்பு) கடைசிக் கணு ஊசி முனை மாதிரி மெலிந்து சின்னதாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் தரைவண்டுகளில் அனில்லினி என்ற பிரிவாக இருக்க நிறைய வாய்ப்பு. மண்ணுக்குள்ளேயே வாழ்பவை, பெரும்பாலானவற்றுக்குக் கண்ணும் கிடையாது, பறக்கும் சிறகும் கிடையாது. பறக்க முடியாததால் பலவும் சின்ன எல்லைக்குள்ளேயே முடங்கிக் கிடக்கின்றன, அதனால் உங்களுடையது புதியதாக இருக்க நியாயம் உண்டு. ஆனால் கண் இல்லை என்பதை மட்டும் பெரிய ஆதாரமாக வைக்காதீர்கள். குகையிலும் மண்ணிலும் வாழப் போன பல தரைவண்டு வம்சங்கள் தனித்தனியாகக் கண்ணை இழந்திருக்கின்றன, அதைப் பார்த்து உறவு சொல்ல முடியாது.

இரண்டு பக்க வர்ணனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த வண்டு எப்படி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. பக்கத்துச் சிற்றினத்திலிருந்து எதில் வேறுபடுகிறது என்று எழுதினீர்களா? விவரிப்பின் உயிர் அந்த ஒரு பத்திதான். அதை எழுத வேண்டுமானால் அதே பேரினத்தில் ஏற்கெனவே பெயர் பெற்ற ஒவ்வொன்றின் மூல விவரிப்பையும் தேடிப் படிக்க வேண்டும், முடிந்தால் அருங்காட்சியகத்தில் இருக்கும் டைப் மாதிரிகளையே (பெயர் வைத்தபோது அடிப்படையாகக் கொண்ட வண்டுகள்) கேட்டு வாங்கியோ நேரில் போயோ பார்க்க வேண்டும். நூறு வருஷத்துக்கு முந்தைய விவரிப்புகள் பல நாலே வரியில் முடிந்துவிடும், அதைப் படித்து ஒன்றும் தெரியாது, மாதிரியைப் பார்த்தால்தான் விளங்கும். தாமஸ் லிங்கன் கேசி என்ற வண்டு ஆய்வாளர் அமெரிக்க வண்டுகளுக்கு ஏராளமான பெயர்களை வைத்தார். ஒரே சிற்றினத்துக்குள் வண்டுக்கு வண்டு இருக்கும் சின்ன வித்தியாசங்களையெல்லாம் தனிச் சிற்றினமாக எடுத்துக்கொண்டதால் அவற்றில் பல பெயர்கள் பின்னால் ஒத்தபெயர்கள், அதாவது ஒரே சிற்றினத்துக்கு வைத்த வேறு பெயர்கள், என்று ஒதுக்கப்பட்டன. உங்கள் ஆறையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு அளந்துவிடுங்கள், ஒன்றை மட்டும் அளக்காதீர்கள்.

அப்புறம், ஆமாம், ஆணைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். இந்தக் குட்டி வண்டுகளில் வெளித்தோற்றம் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். பல நேரம் ஆணுறுப்பின் நடுத்தண்டு வளைந்திருக்கும் விதத்திலும் அதன் உட்பையில் உள்ள கெட்டியான துண்டுகளிலும்தான் வித்தியாசம் தெரியும்.

பெயர்ப்பதிவு:

ஈரமண் சொன்னதோடு விதிப்பக்கம் கொஞ்சம். விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச நெறிமுறையின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி புதிய சிற்றினம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், வேறுபடுத்தும் பண்புகளை எழுத்தில் தர வேண்டும், ஒரு மாதிரியை ஹோலோடைப் (அந்தப் பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) என்று குறித்து அது எந்தச் சேகரத்தில் இருக்கிறது அல்லது இருக்கும் என்று எழுத வேண்டும். வீட்டு அலமாரியில் வைப்பதைவிட ஆராய்ச்சியாளர்கள் கேட்டு எடுத்துப் பார்க்கக்கூடிய அருங்காட்சியகத்தில் வைப்பதுதான் முறை. மின்னிதழில் மட்டும் வெளிவரும் கட்டுரை என்றால் வெளியிடும் முன்பே விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிந்து, அந்தப் பதிவு கட்டுரைக்குள்ளேயே தெரிய வேண்டும், 2012 முதல் இப்படித்தான்.

நினைத்து வைத்திருக்கும் பெயரைத் தயவுசெய்து இங்கே எழுதிவிடாதீர்கள். கட்டுரை வருவதற்கு முன் பெயர் வெளியே சுற்றினால் குழப்பம்தான். பெயரை நிதானமாக யோசியுங்கள், வைத்துவிட்டால் பிடிக்கவில்லை என்று மாற்ற முடியாது. ஸ்லோவேனியக் குகையில் கிடைத்த கண்ணில்லாத தரைவண்டு ஒன்றுக்கு 1937இல் அனோஃப்தால்மஸ் ஹிட்லரி என்று பெயர் வைத்தார்கள், அது இன்றும் அதே பெயரோடுதான் இருக்கிறது, அந்தப் பெயருக்காகவே அதைத் தேடிப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். பாவம், வண்டு என்ன செய்யும்.

முள்முனை:

பிரிக்கிற பயத்துக்கு நான் ஒரு வழி சொல்கிறேன். முதலில் டிஎன்ஏ எடுத்துவிடுங்கள். வண்டை நசுக்க வேண்டியதில்லை, முழு உடம்பையும் புரதத்தைக் கரைக்கும் புரோட்டினேஸ் கே என்ற நொதி கலந்த கரைசலில் ஒரு இரவு ஊறவிட்டால் உள்ளேயிருக்கும் மென்திசு கரைந்து வந்துவிடும், கூடு அப்படியே நிற்கும். மென்திசு போய்விட்டதால் அதற்குப் பிறகு ஆணுறுப்பை எடுப்பதும் சுலபம். இல்லையென்றால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து இளக்கி, மிக நுண்ணிய ஊசியால் வயிற்று முனை வழியாக இழுத்து, பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கொஞ்ச நேரம் வையுங்கள். கண்ணை எடுக்காமல் பாருங்கள், இந்த அளவு உறுப்பு அதிக நேரம் கிடந்தால் வெளிறிப்போய் உட்பை தெரியாமல் போய்விடும். பிறகு கிளிசரின் சொட்டில் வைத்துப் பக்கவாட்டில் படம் எடுங்கள். எடுத்ததைக் குட்டிக் குப்பியில் போட்டு அந்த வண்டின் ஊசியிலேயே சேர்த்துக் குத்திவிடுங்கள், இரண்டும் பிரிந்துபோனால் இவ்வளவு வேலையும் வீண்.

டிஎன்ஏ வரிசை மட்டும் வேறுபடுகிறது என்று புதிய சிற்றினம் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. பழைய டைப் மாதிரிகள் பலவற்றுக்கு ஒப்பிட வரிசையே கிடையாது, அப்புறம் எதோடு ஒப்பிடுவீர்கள்? உடலமைப்பும் வரிசையும் ஒரே பக்கம் கைகாட்டினால் பேச்சுக்கு இடமில்லை.

அப்புறம், ஒரே ஆண் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? இந்தப் பிரிவு வண்டுகள் பலவற்றில் வயிற்றின் கடைசித் தகட்டு ஓரத்தில் ஆணுக்கு இரண்டு நீள முடி, பெண்ணுக்கு நான்கு. முன்காலின் முதல் பாதக் கணுவும் ஆணுக்குக் கொஞ்சம் அகன்றிருக்கும். வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து விட்டுப் பாருங்கள்.

சருகுமேடு:

எல்லோருக்கும் நன்றி. முன்காலை மட்டும் மேலிருந்து பார்த்துச் சொல்லியிருந்தேன். நேற்று இரவு ஆறையும் மல்லாத்திப் போட்டுக் கடைசித் தகட்டைப் பார்த்தேன். மூன்று வண்டுகளில் இரண்டு முடி, மற்ற மூன்றில் நான்கு. ஆண் மூன்று இருக்கின்றன! தாடை உணரியின் கடைசிக் கணுவும் ஈரமண் சொன்ன மாதிரி ஊசியாகத்தான் இருக்கிறது. ஒரு ஆணைத் தொடாமல் தனியே எடுத்து வைத்துவிட்டேன், ஒன்று இன்று கரைசலுக்குள் போகிறது. வர்ணனையை மூடி வைத்துவிட்டுப் பழைய விவரிப்புகளைத் தேட ஆரம்பித்திருக்கிறேன்.