ரோட்ஸ்டரில் சாட்நாவ்: காரோடு வந்ததா, கண்ணாடியில் ஒட்டியதா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

குரோய்டன்காரன்

என்னுடைய ரோட்ஸ்டர், அதாவது கூரை திறக்கிற இரண்டு சீட் கார், மாஸ்டா எம்எக்ஸ்-5, மூன்றாம் தலைமுறை, துணிக் கூரை. காரோடு சாட்நாவ் (வழி சொல்லும் கருவி) வரவில்லை, முன்கண்ணாடியில் ஒட்டுகிற வகைதான். இப்போது அடுத்த ரோட்ஸ்டர் தேடுகிறேன். ஒரே விலையில் இரண்டு கிடைக்கின்றன. ஒன்றில் டாஷ்போர்டிலேயே சாட்நாவ் உண்டு. மற்றதில் இல்லை, ஆனால் ஓடிய மைல் குறைவு. மைல் குறைவானதைத்தான் எடுத்திருப்பேன், ஒரு ராத்திரி மட்டும் இன்னும் உறுத்துகிறது.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் சாப்பிடப் போனோம். கருவியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் இறங்கினேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் என் சீட்டுக்கு மேலே கூரையில் ஒரு முழக் கிழிசல். கிளவ் பாக்ஸ் திறந்து கிடக்கிறது. எதுவும் போகவில்லை, போவதற்கு உள்ளே எதுவும் இல்லை. கண்ணாடியில் மட்டும் சக்‌ஷன் கப் பதிந்த வட்டம், தெருவிளக்கில் நிலா மாதிரி தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் வெட்டியிருக்கிறான். கருவி நூறு பவுண்டு கூட இல்லை, கூரைக்கு அதைப் போல ஏழெட்டு மடங்கு ஆனது. வழியெல்லாம் மழை. பார்சல் வந்த பிளாஸ்டிக் பையைக் கிழிசலில் அழுத்திப் பிடித்தபடியே மனைவி வந்தாள், பிரியாணி மடியில்.

சுண்டெலி

துணிக் கூரை வண்டியைப் பூட்டாமல் விட வேண்டும் சார். கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போயிருப்பான்.

வெம்ப்ளி வாசன்

@சுண்டெலி, பூட்டாத காருக்கு இன்சூரன்ஸ்காரன் பணம் தருவானா? பாலிசியை ஒருமுறை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

என் கதை காரோடு வந்த சாட்நாவ். 2006 மாடல், வரைபட டிவிடி போட்டு ஓடுகிற வகை. லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பக்கம் போயிருந்தோம், ஆம்பிள்சைடிலிருந்து எஸ்க்டேலுக்குப் போக வேண்டும். ‘குறுகிய வழி’ என்று எப்போதோ அமைத்தது அப்படியே இருந்திருக்கிறது. சாட்நாவில் பேசுகிற அம்மணி அமைதியாக ரைனோஸ் கணவாயில் ஏற்றி இறக்கி, அடுத்து ஹார்ட்நாட்டில் கொண்டுபோய் விட்டாள். போனவர்களுக்குத் தெரியும், மூன்றடிக்கு ஓரடி ஏற்றம். உயரம் 393 மீட்டர்தான், ஆனால் அந்தக் கொண்டை ஊசி வளைவில் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பவனுக்கு முன்னால் பானெட்டும் வானமும் மட்டும்தான் தெரியும். சாலை எந்தப் பக்கம் வளைகிறது என்றே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு வெள்ளை வேன். கைபிரேக்கைப் பிடித்துக்கொண்டு ரிவர்ஸில் ஒதுங்குகிறேன், கிளட்ச் கருகுகிற வாடை, கீழே எதுவோ கல்லில் உரசுகிற சத்தம். அவள் சொல்கிறாள்: “நேராகச் செல்லவும்.” நேராக எங்கே செல்வது?

லைம்ஹவுஸ் தப்பியவன்

வாசன் அண்ணே, அது சாட்நாவ் தப்பில்லை. அமைப்பை மாற்றாதது நீங்கள். கூரை கிழியவில்லையே என்று சந்தோஷப்படுங்கள்.

எனக்கு நேர்ந்தது சின்ன விஷயம்தான். வேலைக்கு நேர்காணல், லண்டன் கேனரி வார்ஃபில். ஒட்டுகிற கருவி. சிட்டியிலிருந்து லைம்ஹவுஸ் லிங்க் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் சிக்னல் போய்விட்டது. அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே கேனரி வார்ஃபுக்கு வழி பிரியும். திரையில் என் கார் அசையாமல் நுழைவாயிலிலேயே நிற்கிறது, நானோ பிரியும் இடத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறேன். வெளியே வந்த பிறகு நிதானமாக விழித்துக்கொண்டு, “முடிந்தபோது திரும்பவும்” என்றது. இருபது நிமிடம் தாமதம். வேலை கிடைக்கவில்லை. தாமதத்தால்தானா என்று இன்றுவரை தெரியாது.

ரேடியோ மாமா

தம்பிகளா, கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. இருக்கிற இடத்தைச் சரியாகக் கணிக்கக் குறைந்தது நாலு தெரிய வேண்டும். சுரங்கத்துக்குள் ஒன்றும் தெரியாது. ஆனால் காரில் பதித்து வருகிற சாட்நாவுக்குச் சக்கர வேகமும் திரும்பும் கோணமும் காரிலிருந்தே கிடைக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டு ஓட்டிக்கொண்டே இருக்கும். லைம்ஹவுஸ் தம்பிக்கு அது இருந்திருந்தால் வேலை கிடைத்திருக்கும்.

அடுத்தது கண்ணாடி. சூடாக்கும் கம்பி ஓடுகிற கண்ணாடி, வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி, இரண்டுமே சிக்னலை மட்டுப்படுத்தும். ஒட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் காரில் கண்ணாடி ரொம்பச் சாய்வு, ஒட்டினால் கைக்கு எட்டாது. எட்டுகிற இடத்தில் ஒட்டினால் பார்வையை மறைக்கும், போலீஸ் பிடிக்கும். காற்று வருகிற துவாரத்தில் மாட்டுகிற பிடி வாங்குங்கள், கண்ணாடியில் வட்டமும் விழாது. வயரைத் தொங்கவிடாமல் ஃபியூஸ் பெட்டியிலிருந்து இழுத்துவிடுங்கள், கியர் போடும்போது கையில் சிக்காது. கூரையை இறக்கி 70 மைலில் போனால் அந்தச் சின்ன ஸ்பீக்கர் காதில் விழாது. பதித்ததாக இருந்தால் பாட்டைத் தணித்துவிட்டு கார் ஸ்பீக்கரிலேயே பேசும்.

இன்னொன்று. 2000 மே வரை பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது, நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அந்தக் காலத்தில் ஓட்டியவன் நான். நீங்கள் எல்லாம் கொடுத்து வைத்தவர்கள்.

சுண்டெலி

மாமா, உங்கள் அனுபவம் எங்கே? தலைப்பே அதுதானே.

ரேடியோ மாமா

ஒருமுறை வழி தப்பினேன். அதெல்லாம் எழுதுகிற அளவுக்கு இல்லை.

லெஸ்டர் அக்கா

யாரும் கேமரா பற்றிச் சொல்லவில்லையே. மூன்று கார்களாக பிரான்ஸுக்கு, லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்துக்குப் போனோம். ரூவான் நகரம் தாண்டி ஏ28 நெடுஞ்சாலையில் போலீஸ் ஓரம் கட்டச் சொன்னார்கள். பிரிட்டிஷ் நம்பர் பிளேட், தாழ்ந்த கார், ஜூன் மாதம், வேறு காரணமே தேவையில்லை. வேகம் சரியாகத்தான் இருந்தது. அவர் குனிந்து பார்த்தது என் முகத்தை இல்லை, கண்ணாடியில் ஒட்டியிருந்த கருவியை. 2012 தொடக்கத்திலிருந்து பிரான்ஸில் வேகக் கேமராவின் இடத்தைக் காட்டும் கருவி சட்டவிரோதம், 1,500 யூரோ வரை அபராதம். விரலால் தட்டித் தட்டி ஒவ்வொரு மெனுவாகத் திறக்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி மகன்தான் புதுப்பித்துக் கொடுத்தான், எதை வைத்தான், எதை எடுத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? கடைசியில் ‘ஆபத்துப் பகுதி’ என்று மொத்தமாகச் சில கிலோமீட்டரைக் காட்டுகிற பிரெஞ்சு அமைப்புதான் இருந்தது. அது அங்கே அனுமதிக்கப்பட்டதுதான். விட்டுவிட்டார். முன்னால் போன காரில் பதித்த சாட்நாவ், பழைய டிஸ்க், அதில் கேமரா என்ற பேச்சே கிடையாது. அதை ஓட்டியவரைப் போலீஸ் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வெம்ப்ளி வாசன்

இப்போது போனே போதுமே? தாங்கியில் வைத்துவிட்டால் சட்டப்படியும் சரி. கையில் எடுத்தால்தான் 200 பவுண்டு அபராதம், லைசென்ஸில் ஆறு பாயின்ட். போர்ஷே 2020-இல் பழைய 911 (996), பாக்ஸ்டர் (986) கார்களுக்கே 7 அங்குலத் திரையில் கார்பிளே, அதாவது போனின் வரைபடம் கார் திரையிலேயே, வருகிற ரேடியோவை வெளியிட்டது. டாஷ்போர்டின் அழகும் கெடாது. விலையைக் கேட்டுவிடாதீர்கள்.

குரோய்டன்காரன்

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன், சாட்நாவ் பதித்த காரை. திரையைப் போட்டதும் ‘டிஸ்க்கைச் செருகவும்’ என்றது. டிஸ்க் எங்கே என்று விற்பவரைக் கேட்டேன், “வாங்கும்போதே இல்லை” என்றார். சரி, உட்கார்ந்தாவது பார்ப்போம் என்று ஏறி உட்கார்ந்தேன். வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடியின் மூலையில் ஒரு வட்டம்.

ரேடியோ மாமா

வினிகரில் தண்ணீர் கலந்து துடைத்தால் போய்விடும்.