62 நிமிட ஆவணப்படம், 75,000 ரூபாய், ‘முழு உரிமை’ கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பனங்காட்டான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உடன்குடிப் பக்கம் பனையேறும் என் பெரியப்பாவைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்து முடித்திருக்கிறேன். மூன்று பதநீர் சீசன், மொத்தம் 140 மணி நேரம் ஓடும் ஃபுட்டேஜ், அதிலிருந்து 62 நிமிடம். அவர் விடியும் முன்னே மரத்தில் இருப்பார். வெயில் ஏறியதும் பெரியம்மா விடிலிக்குள் (பதநீர் காய்ச்சும் குடிசை) அடுப்பு மூட்டிப் பதநீர் காய்ச்சுவார். பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி. படம் இவ்வளவுதான். பேட்டி, பின்னணிக் குரல் எதுவும் கிடையாது.

எனக்குச் சோறு போடுவது கல்யாண வீடியோ. பதநீர் நன்றாக இறங்கும் மாதங்களும் முகூர்த்த மாதங்களும் ஒன்றாக வருவதால், பெரியப்பாவோடு இருந்த ஒவ்வொரு வாரமும் ஒரு கல்யாணத்தை விட்டிருக்கிறேன். அதைக் கணக்கில் சேர்க்காமலே 6,40,000 ஆகிவிட்டது. பழைய சோனி ஏ7 மார்க் 3, மைக், ரெக்கார்டர், ஹார்ட் டிஸ்க், சென்னையில் கலரும் மிக்ஸிங்கும். இதில் இரண்டு லட்சம் அம்மா நகை. இன்னும் அடகில்தான் இருக்கிறது.

விழாக்களுக்கு அனுப்பினேன். 11 இடம், டாலரில் நுழைவுக் கட்டணம் கட்டியதே 28,000 ரூபாய். ஒன்பது இடத்திலிருந்து ‘வருந்துகிறோம்’ வந்துவிட்டது. இரண்டு பாக்கி.

போன வாரம் ஒரு யூடியூப் சேனலிலிருந்து பேசினார்கள். 12 லட்சம் சந்தாதாரர்கள். டிரெய்லர் பார்த்தார்களாம், பிடித்துவிட்டதாம். 75,000 ரூபாய், இரண்டு தவணை. நாலு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். அதில் ‘உலகம் முழுவதும், எக்காலத்துக்கும், இன்று இருக்கிற மற்றும் இனி வரப்போகிற எல்லா ஊடகங்களிலும்’ என்று இருக்கிறது. ரஷ் ஃபுட்டேஜும், அதாவது எடிட் பண்ணாத மொத்தக் காட்சிகளும், அவர்களுக்காம். நாற்பது லட்சம் பேர் பார்ப்பார்கள் என்கிறார்கள். அம்மா ஒன்றும் சொல்வதில்லை, அடகுச் சீட்டை மட்டும் டிவி மேல் வைத்திருக்கிறார். கொடுத்துவிடலாமா?

டிரெய்லர் லிங்க் கீழே.

ரோலிங் சார் எழுதியது:

கொடுத்துட்டு அடுத்த படத்துக்குப் போங்க தம்பி. நான் ஒரு படத்தை ஆறு வருஷம் பெட்டியில் பூட்டி வைத்தேன், விழா விழா என்று. கடைசியில் ஹார்ட் டிஸ்க்தான் செத்தது. 75 ஆயிரம் கையில் வந்தால் 75 ஆயிரம்.

கேமராப்பை எழுதியது:

தம்பி, ரோலிங் சார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் கதையைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணு.

2006-ல் வாடகைக்கு எடுத்த ஒரு பிடி170 கேமராவோடு ஆரம்பித்தவள் நான். 2009-ல் பீடி சுற்றும் பெண்களைப் பற்றி 35 நிமிடப் படம் எடுத்தேன். ஒரு தொண்டு நிறுவனம் 40,000 தருவதாகச் சொன்னது. அப்போது எனக்கு மூன்று மாத வீட்டு வாடகை பாக்கி. ஒப்பந்தத்தைப் படித்தேன், ‘முழு உரிமை’ என்ற வார்த்தையையும் பார்த்தேன். சரி, யார் இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்கள் என்று கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷம் கழித்து, என் படத்தில் பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டே கணவரைக் கேலி பண்ணிச் சிரிக்கும் ஒரு அம்மா, அவர்களுடைய நன்கொடை விளம்பரத்தில் வந்தார். சிரிப்பை வெட்டிவிட்டார்கள். சிரித்து முடித்துக் குனிகிற அந்த அரை நொடியை ஸ்லோமோஷனாக்கி, அடியில் ஒரு வயலினைப் போட்டிருந்தார்கள். அந்த அம்மாவின் மகன் போனில் காட்டியிருக்கிறான். எனக்குப் போன் பண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: ‘ஏன் கண்ணு, நான் எப்ப யார்கிட்ட பிச்சை கேட்டேன்?’

ஒப்பந்தப்படி அவர்கள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. கையெழுத்து என்னுடையது.

உன் ஒப்பந்தத்தில் நான் முதலில் பார்ப்பது பணத்தை அல்ல, எடிட் பண்ணும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை. ‘மாற்ற, சுருக்க, வேறு படைப்பில் சேர்க்க’ என்று ஒரு வரி இருக்கும், தேடிப் பார். அது இருந்தால் நாளைக்கு உன் பெரியப்பாவை முப்பது நொடித் துண்டாக்கி, மேலே மஞ்சள் எழுத்தில் ஏதாவது போட்டு ஓட்டலாம். உன்னைக் கேட்கவே வேண்டாம்.

வீட்டை விற்பது வேறு, ஒத்திக்கு விடுவது வேறு இல்லையா? படத்தை ஒத்திக்கு விடு. இரண்டு வருஷம், அவர்கள் சேனலில் மட்டும், ஒரு ஃப்ரேமைக்கூட வெட்டாமல். விளம்பரத்துக்கு எடுக்கும் துண்டை நீ பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் போடவேண்டும். பணம் குறையும், 30,000 தருகிறேன் என்பார்கள். பரவாயில்லை. இரண்டு வருஷம் கழித்துப் படம் உன்னிடம் திரும்பி வரும். தரும் பணத்தில் டிடிஎஸ் என்று வருமான வரியை முன்கூட்டியே பிடிக்கலாம். அப்படிப் பிடித்தால், கணக்குத் தாக்கல் பண்ணித் திரும்ப வாங்கிக்கொள். நான் நாலு வருஷம் வாங்காமலே விட்டேன், சோம்பேறித்தனம்.

ரஷ்ஷைக் கொடுக்கவே கொடுக்காதே. காந்தியைப் பற்றிப் பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் 1940-ல் வெளியிட்ட ஆவணப்படத்தில் வேறு யார் யாரோ எடுத்து வைத்திருந்த துண்டுகள் நிறைய. நாடு நாடாக அலைந்து தேடிச் சேர்த்தார். அந்தத் துண்டுகளை எடுத்தவர்கள் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அவருக்குக் கிடைத்தது. இன்னும் இருபது வருஷத்தில் உன் ஊரில் பனையேற எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. உன் 140 மணி நேரம் இருக்கும். 4கே என்றால் ஆறு டெராபைட் பக்கம் வருமே? இரண்டு காப்பி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வை. ஒரே பீரோவில் இரண்டையும் வைக்காதே.

யூடியூபில் ஏறிய படத்தைப் பெரிய விழாக்கள் பெரும்பாலும் தொடாது, முதல் திரையிடல் தங்களுடையதாக இருக்கவேண்டும் என்பார்கள். பாக்கி இரண்டு விழாவின் பதில் வரும்வரை பொறு. டாலர் கட்டி அனுப்புவதை நிறுத்து. பக்கத்தில் பார். திருவனந்தபுரத்தில் 2008-லிருந்து கேரள சலச்சித்ர அகாடமி ஆவணப்படங்களுக்கென்றே விழா நடத்துகிறது. மும்பையில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எம்ஐஎஃப்எஃப் என்கிற மும்பை சர்வதேசத் திரைப்பட விழா. நம் மதுரையில் ‘மறுபக்கம்’ அமைப்பு 1998-லிருந்து ஆவணப்பட விழா நடத்துகிறது. அங்கே படம் முடிந்ததும் கேள்வி கேட்கிறவர்களை நீ பார்க்கவேண்டும், தூக்கம் போய்விடும். அடுத்த படத்துக்கு பெங்களூரில் ஐஎஃப்ஏ (இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்) தரும் நல்கைக்கு எழுது. தமிழிலேயே எழுதி அனுப்பலாம். முடித்த படத்துக்கு அது ஆகாது.

அப்புறம் காசு. என் 2014 படம் எந்த சேனலிலும் வரவில்லை. கல்லூரி விஸ்காம் துறை, நூலகம், தொழிற்சங்க அலுவலகம், ஒரு முறை கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் என்று 61 திரையிடல். ஒரு இடத்தில் 5,000 கொடுப்பார்கள், இன்னொரு இடத்தில் பஸ் காசும் சாப்பாடும். சில இடத்தில் படம் முடிந்ததும் துண்டு ஏந்துவோம். மூன்று வருஷத்தில் 1,48,000 வந்தது. யாருக்கும் பெருமையாகச் சொல்கிற தொகை இல்லை. ஆனால் படம் இன்னும் என்னுடையது.

வெட்டுமேசை எழுதியது:

அக்கா சொன்னதற்கு மேல் ஒன்று. டிரெய்லரில் விடிலிக் காட்சியில் ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடுகிறது. முழுப் படத்தில் எவ்வளவு நேரம்?

பனங்காட்டான் எழுதியது:

2 நிமிடம் 10 நொடி. பெரியம்மா பாகைக் கிண்டிக்கொண்டே கூடச் சேர்ந்து பாடுவார். படத்தில் எனக்குப் பிடித்த இடமே அதுதான்.

அக்கா, நீங்கள் சொன்ன வரி மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. ‘மாற்ற, சுருக்க, மொழிமாற்ற, துண்டுகளாக்க.’ அப்படியே.

வெட்டுமேசை எழுதியது:

நினைத்தேன். அதே ஒப்பந்தத்தில், மூன்றாம் ஆள் யாராவது உரிமை கேட்டு வந்தால் பொறுப்பு உன்னுடையது என்றும் ஒரு வரி இருக்கும். பாட்டு ஆடியோ கம்பெனியுடையது. யூடியூபில் ஏற்றிய சில நிமிடங்களில் அந்த மெஷினே கண்டுபிடித்துவிடும். சேனல்காரன் இரண்டாம் தவணையை நிறுத்திவிட்டு உன்னைக் கைகாட்டுவான்.

பாட்டை அமுக்கிவிடலாம் என்று நினைக்காதே. பெரியம்மா சட்டையில் லேப்பல் மைக் குத்தியிருந்தாலும் அந்தச் சின்ன விடிலிக்குள் ரேடியோ சத்தம் அதற்குள்ளும் கசிந்திருக்கும். ரேடியோவை அணைத்துவிட்டு அவரை மட்டும் பாடவைத்தாலும் மெட்டும் வரியும் வேறொருவருடையது. அதற்கும் அனுமதி வேண்டும். ஆடியோ கம்பெனிக்கு எழுதிக் கேட்டுப் பார், எவ்வளவு நொடி, எங்கே திரையிடப்போகிறாய் என்று தெளிவாக எழுது. கட்டுப்படியானால் வாங்கு. ஆகாவிட்டால் விழாவுக்கு ஒரு வெர்ஷன், வெளியே விடுவதற்கு இன்னொன்று. இரண்டாவதில் பாட்டு தொடங்கும் முன்பே வெட்டி, அகப்பை அடிச்சட்டியில் உரசும் சத்தத்துக்குப் போ. அந்தச் சத்தம் தனியாக எடுத்து வைத்திருக்கிறாயா?

ஒரு விஷயம், தேசிய விருதுக்கு அனுப்பும் யோசனை இருந்தால் சென்சார் சான்றிதழ் வேண்டும். டிரெய்லரில் ஒரு நாய் பனையடியில் படுத்திருக்கிறது. அதற்கு விலங்கு நல வாரியத்தின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். பெரியப்பா பீடி பிடித்தால் அடியில் எச்சரிக்கை வாசகம். சிரிக்காதே, எனக்கு ஒரு எருமைக்காக இரண்டு மாதம் போனது.

பனங்காட்டான் எழுதியது:

பாகு கொதிக்கும் சத்தம் நாலு நிமிடம் ரெக்கார்டரில் இருக்கிறது அண்ணா. சும்மா எடுத்தது. நாயின் பெயர் டைகர். அது படம் முழுக்க வருகிறது.

விளாத்திகுளத்தான் எழுதியது:

நான் சினிமா ஆள் இல்லை. எங்க அப்பா பனையேறி, அதனால் டிரெய்லர் பார்த்தேன். நல்லா இருக்கு தம்பி, காலில் தளைநார் போட்டு ஏறும்போது அந்த மூச்சு சத்தம் அப்படியே எங்க அப்பா.

ஆனா 1:12-ல் ஒரு கலயத்தைக் கிட்டத்துல காட்டுறீங்க. உள்ளே வெள்ளையே இல்லை. சுண்ணாம்பு தடவின கலயம்னா உள்பக்கம் வெள்ளை அடிச்ச மாதிரி தெரியும். தடவாம விட்டா பதநீர் புளிச்சுக் கள்ளாயிடும். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. சென்னையில் பார்க்கிறவனுக்கு அது வெறும் மண்சட்டி. எங்க பக்கம் பார்க்கிறவன் ஒரு நொடியில் பிடிச்சிடுவான், ஸ்டேஷனில் இருக்கிறவனும் எங்க பக்கத்து ஆள்தான். பெரியப்பா முகம் அடுத்த ஷாட்டிலேயே வருது.

பனங்காட்டான் எழுதியது:

டிரெய்லரை எடுத்துவிட்டேன். கை நடுங்கிவிட்டது. அது சுடலைமாடன் கொடைக்குப் படைக்க இறக்கிய ஒற்றைக் கலயம். வெளிச்சம் உள்ளே விழுந்து நுரை மினுங்கியது, அழகாக இருக்கிறது என்றுதான் வைத்தேன். மூன்று வருஷம் கூடவே இருந்தும் எடிட்டில் ஐம்பது தடவை பார்த்தும் எனக்கு நுரைதான் தெரிந்திருக்கிறது. ரொம்ப நன்றி அண்ணாச்சி.

கேமராப்பை எழுதியது:

அண்ணாச்சி, உங்களுக்கு என் வணக்கம். நானும் அந்த ஷாட்டைப் பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை.

தம்பி, படத்திலிருந்தும் அதை எடுத்துவிடு. ரஷ்ஷில் இருக்கட்டும். இப்போது புரிகிறதா, ரஷ் ஏன் அவர்களுக்குப் போகக்கூடாது என்று? பெரியப்பாவிடம் முழுப் படத்தையும் போட்டுக் காட்டி ஒப்புதல் கடிதம் வாங்கினாயா?

பனங்காட்டான் எழுதியது:

வாங்கவில்லை அக்கா. முதல் வருஷம் ஒரு தடவை பேப்பரை நீட்டினேன். ‘ஏல, எங்கிட்டயே பத்திரமா?’ என்று சிரித்தார். அதோடு விட்டுவிட்டேன்.

நேற்று ஊருக்குப் போய் லேப்டாப்பில் முழுசாகப் போட்டுக் காட்டினேன். பெரியம்மா தன் பாட்டு வந்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பெரியப்பா மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த மரம் என்று ஒவ்வொன்றையும் சொன்னார், அதில் இரண்டு இப்போது இல்லை, ரோட்டுக்காக வெட்டிவிட்டார்கள். கலயம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, ‘இது சாமிக்கு உள்ளது. இத எடுத்துரு’ என்றார். போலீஸ், சட்டம் எதையும் அவர் சொல்லவில்லை.

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். திரையிடலில் வரும் காசில் பாதி அவருக்கு என்று எழுதியிருந்தேன். பாதி எதற்கு என்று கால்வாசியாகத் திருத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சேனலுக்கு, இரண்டு வருஷம், வெட்டக்கூடாது, ரஷ் கிடையாது என்று மெயில் அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. வந்தாலும் பாட்டு இல்லாத வெர்ஷன்தான் அவர்களுக்கு. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அடகுச் சீட்டை எடுத்து பீரோவுக்குள் வைத்தார்.

கிளம்பும்போது பெரியப்பா சொன்னது: ‘மாசியில பாளை இடுக்க ஆரம்பிப்பேன், வா. கேமரா வேண்டாம். பெரியம்ம ரேடியோவுக்கு நாலு பேட்டரி வாங்கிட்டு வா.’